தறிக்குழியில் ஒரு தவளை

2023 ஜனவரி, பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு 'பொங்கல் திருநாள்'. மொத்தம் 22 நோட்டு. ஏழாவது நோட்டிலோ எட்டாவது நோட்டிலோ கை நின்றுவிட்டது.

'எங்கள் வயலில் விளைந்த புதுநெல்லைக் குத்தி, புத்தரிசியைப் புதுப்பானையில் இட்டுப் பொங்கல் வைத்தோம்' என்று இருந்தது. எழுதிய பெண்ணுக்கு வயல் கிடையாது. அவள் அப்பா பட்டு நெசவாளி. ஒரே அறை, ஒரு திண்ணை, பாதி அறையை அடைத்துக்கொண்டு ஒரு தறி. அதற்கும் வாடகை. அந்த வருடம் ரேஷன் கடையில் 1,000 ரூபாயோடு கொடுத்த ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக்கரும்பு, இதுதான் அந்த வீட்டுப் பொங்கல். அது எனக்கு நன்றாகத் தெரியும். கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் பள்ளி வாசலைத் தாண்டிப் போனதை நானே பார்த்தேன்.

முதலில் இருந்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லா நோட்டிலும் அதே வயல், அதே புதுநெல். வகுப்பில் நிலம் உள்ள வீடுகள் நான்குதான் இருக்கும். அந்த வயலை யார் கொடுத்தார்கள் என்றால், நான்தான். டிசம்பரில் கரும்பலகையில் முன்னுரை, நான்கு உட்தலைப்பு, முடிவுரை என்று எழுதிப் போட்டு, "அப்படியே பார்த்து எழுதிக்கோங்க, மனப்பாடம் பண்ணிட்டு வாங்க" என்று சொன்னது நான். பிள்ளைகள் சொன்னதைச் செய்திருந்தார்கள். நானும் 10-க்கு 8, 10-க்கு 7 என்று போட்டுக்கொண்டே வந்திருந்தேன். எதற்கு மதிப்பெண் போடுகிறேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். என் கையெழுத்தை அவர்கள் எவ்வளவு சரியாகப் பார்த்து எழுதினார்கள் என்பதற்குப் போட்டிருக்கிறேன்.

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்து, பதவி உயர்வில் தமிழாசிரியர் ஆனவள். இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இல்லாத வயலை எழுதிக் கொடுத்திருப்பேன் என்று கணக்குப் போட்டால் மனசு கனக்கிறது.

அந்த 22 பேரில் ஒருவன் மட்டும் வயலைப் பற்றி எழுதவில்லை. அவன் எதையுமே எழுதவில்லை. தலைப்பு இருந்தது, அதன் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு, அவ்வளவுதான். முதல் பாடவேளையில் தூங்குகிற பையன். "அவனுக்கு எழுத வராது டீச்சர்" என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. 2020 மார்ச்சில் பள்ளியை மூடும்போது அவன் மூன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் மறுபடி திறந்தது 2021 நவம்பரில், அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. எழுத்து கையில் படிகிற வயதில் ஒன்றரை வருடம் காணாமல் போயிருந்தது.

அவனைக் கூப்பிட்டேன். திட்டுவதற்காகத்தான் கூப்பிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அந்த வயல் மனதை அரித்துக்கொண்டிருந்ததால் வாயில் வேறு கேள்வி வந்தது.

"காலைல எழுந்ததுல இருந்து பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும் என்னடா பண்ணே?"

"தார் சுத்துனேன் டீச்சர்."

"தார்னா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது திண்டிவனம் பக்கம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைகிற காடு. தறியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் கேட்டேன். டீச்சருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவனுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. கையால் ராட்டை சுற்றிக் காட்டினான். ஊடைக்கு, அதாவது துணியின் குறுக்கே, போகிற பட்டு நூலைச் சின்னக் குச்சியில் சுற்றி எடுப்பதுதான் தாராம். அது நாடா என்கிற கட்டைக்குள் உட்காரும், நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும்போது நூல் பிரிந்துகொண்டே போகும். வருடம் முழுக்க வாயைத் திறக்காத பையன் ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான்.

"இதையே எழுதிட்டு வா. எப்படிச் சொன்னியோ அப்படியே எழுது" என்றேன்.

மூன்று நாள் ஆனது. நோட்டில் கிழித்த ஒரு தாள். அதை இங்கே அப்படியே தருகிறேன். நிறுத்தற்குறி மட்டும்தான் நான் போட்டது. தறிக்குழி என்பது தறிக்குக் கீழே, நெசவாளி காலை விட்டு உட்காருகிற பள்ளம்.

'காலைல அஞ்சு மணிக்கு அம்மா எழுப்பும். தார் சுத்தனும். ராட்டை சத்தம் கேட்டா எனக்கு தூக்கம் வரும், ஆனா தூங்க கூடாது. பட்டு நூல் அருந்தா கண்ணுக்கு தெரியாது, விரலுக்கு தான் தெரியும். எச்சி தொட்டு முடி போடனும். மழ வந்தா தறிக்குழில தண்ணி ஊரும். அப்ப அப்பாக்கு வேல இல்ல. குழில ஒரு தவளை இருக்கு. அப்பா அத வெரட்டல. கால்ல ஜில்லுனு இருக்குனு சொல்லுச்சு. வேல இல்லனா கூலி இல்ல. தவளைக்கு மட்டும் ஜாலி.'

இதைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 'கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.' எந்தக் கட்டுரை நோட்டிலும் இப்படி ஒரு வரி நான் படித்ததில்லை. இந்தப் பையனுக்குத்தான் எழுத வராது என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்தோம்.

வழக்கமான கணக்கில் பார்த்தால் இந்தத் தாளுக்கு 10-க்கு 3 தேறாது. முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, உட்தலைப்பு இல்லை. பேச்சு வழக்கு. 'அறுந்தால்' என்பது 'அருந்தா' ஆகியிருக்கிறது, அப்படிப் பார்த்தால் நூலைக் குடித்துவிட்டதாக அர்த்தம். தண்ணீர் 'ஊறும்' என்பது 'ஊரும்' ஆகியிருக்கிறது. சிவப்புப் பேனாவைத் திறந்து 'அருந்தா'வில் ஒரு வட்டம் போட்டேன். அடுத்த வட்டம் போடப் போனபோது கை ஓடவில்லை. மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் மெல்ல மெல்ல வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த பையனுக்கு, அது ஊர்ந்துதான் வந்திருக்கும். மூடியைப் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்த ஒரு பழக்கம் இன்னும் தொடர்கிறது. பிள்ளைகள் சொந்தமாக எழுதியதை முதல் நாள் வாங்கும்போது சிவப்புப் பேனாவைத் தொட மாட்டேன். பென்சிலால் கீழே ஒரே ஒரு கேள்வி எழுதுவேன். எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிற கேள்வியாக அது இருக்க வேண்டும். அவனுக்கு எழுதியது, 'தவளை எங்கிருந்து வந்தது?' மறுநாள் அதற்குப் பதிலாக இன்னும் ஆறு வரி வந்தது. எழுத்துப்பிழை பார்ப்பது அதற்கு அப்புறம்தான், இரண்டாவது முறை எழுதும்போது. ற, ர வேறுபாட்டை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழாசிரியராக அதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆனால் சொல்ல ஒன்று இருக்கிற பிள்ளை அதைச் சரியாகச் சொல்லவும் ஆசைப்படுகிறது. சொல்ல எதுவுமே இல்லாத பிள்ளைக்கு ற-வும் ஒன்றுதான், ர-வும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தாளைப் படித்த பிறகுதான் அவன் முதல் பாடவேளையில் ஏன் தூங்குகிறான் என்பது எனக்குத் தெரிந்தது. ஏழு மாதம் என் வகுப்பில் இருந்தவன். அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். "இனிமே சனிக்கிழமை மட்டும் சுத்தட்டும் டீச்சரம்மா, மத்த நாள் நானே பாத்துக்கறேன்" என்றார். நான் எழுதிப் போட்ட வயலுக்குள் இந்த ஐந்து மணி எப்படி வந்திருக்கும்?

என் மனதில் ஊறிக்கொண்டே இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். படைப்பாற்றல் என்றதும் நாம் ஓவியப் போட்டி, ஆண்டு விழா, கோடை முகாம் என்று தனியாக எங்கேயோ போய்விடுகிறோம். எனக்குத் தெரிந்து, அது வகுப்பில் கேட்கிற கேள்வியில்தான் தொடங்குகிறது. பள்ளியில் நாம் கேட்கிற கேள்வி எல்லாமே, நமக்கு ஏற்கெனவே விடை தெரிந்த கேள்வி. பிள்ளை என்ன சொல்ல வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது, நம் தலையில் இருக்கிறது. அதைத் திருப்பிச் சொன்னால் 'சரி'. அந்தப் பிள்ளைக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்வியை ஒரு நாளைக்கு ஒன்றாவது கேட்டால் போதும். அப்போதுதான் அது யோசிக்கும், தேடும், தனக்கென்று ஒரு சொல்லைப் பிடிக்கும்.

எங்கள் கல்வித்துறையில் இதற்கு முயற்சியே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில் தாங்களே கற்கிற முறை, 2007-08-இல் தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளி சுற்றுவட்டார கிராமங்களுக்காக உருவாக்கிய முறைதான் அதற்கு முன்மாதிரி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. பாட வரிசையைக் காட்டுகிற ஏணிப்படி, படிக்கு ஒன்றாக அட்டை, எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று காட்டுகிற குழுத் தட்டு இதையெல்லாம் பற்றிப் பல கருத்து உண்டு, அடுத்தடுத்த அட்டையை முடிப்பதே வேலையாகிவிட்டது என்று எனக்கே வருத்தம் உண்டு. ஆனால் அதில் இரண்டு விஷயத்தை நான் மறக்கவே மாட்டேன். ஒன்று, சுவரின் அடியில் பிள்ளைகள் உட்கார்ந்தே எழுதுகிற உயரத்தில் வரைந்த கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம் சொந்தம். இன்னொன்று கம்பிப் பந்தல். வகுப்பறையின் குறுக்கே பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் கம்பி கட்டி, அவர்கள் வரைந்ததை, செய்ததை அதில் மாட்டி வைப்போம். பெரியவர்கள் உள்ளே வந்தால் குனிந்துதான் நடக்க வேண்டும். பிள்ளை செய்த வேலைக்குக் கீழே நாம் குனிந்து போகிற அந்த அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கும் என் ஆறாம் வகுப்பில் ஒரு கம்பி கட்டி வைத்திருக்கிறேன். யாரும் கட்டச் சொல்லவில்லை, எடுக்கவும் சொல்லவில்லை.

2012-13-இல், வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கிற முப்பருவ முறை வந்தது. பருவம் நடக்கும்போதே பார்க்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ முடிவில் தேர்வாக வைக்கிற தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-இல் பாதி செயல்பாடுகளுக்கு. பிள்ளை தானே ஒன்றைச் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் கொஞ்ச நாளிலேயே ஸ்டேஷனரி கடைகளில் அச்சடித்த படத்தாள்கள் தொங்க ஆரம்பித்தன. பத்து ரூபாய்க்கு ஒன்றை வாங்கி, வெட்டி, ஒட்டிக் கொடுத்தால் செயல்பாடு முடிந்தது. பல வீடுகளில் அந்த வெட்டி ஒட்டுகிற வேலையும் அம்மாவுடையது.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு கேள்வி வருகிறது. ஒரு படம் கொடுப்பார்கள். அதைப் பார்த்ததும் மனதில் தோன்றுவதை எழுத வேண்டும். மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகளிடம், 'உனக்கு என்ன தோன்றுகிறது?' என்று ஒரு பொதுத்தேர்வே கேட்கிறது. இந்தக் கேள்வியைச் சேர்த்தவர்களை மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் வகுப்பறையில் நடப்பது என்ன? எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு கவிதையை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஒவ்வொரு வரியும் 'இந்தக் காட்சி' என்று முடியும். படத்தில் மரம் இருந்தாலும் பொருந்தும், பசி இருந்தாலும் பொருந்தும். பிள்ளை படத்தைப் பார்க்கவே தேவையில்லை. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போன என் பழைய மாணவி ஒருத்தி அந்தக் கவிதையை ஒப்பித்துக் காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மதிப்பெண்ணுக்காக அதைச் சொல்லித் தருகிற ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தேர்ச்சி விகிதம் குறைந்தால் கேள்வி கேட்கப்படுவது அவர்கள்தான். நானும் அதே கயிற்றில்தான் நின்றேன்.

சரி, தறிக்கு வருகிறேன். ஏனென்றால் நல்லது நடந்த கதை அங்கேதான் இருக்கிறது.

எங்கள் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் கிடையாது. 2009 கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஆறு முதல் எட்டு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கலை, உடற்கல்வி, கைத்தொழிலுக்குப் பகுதிநேர ஆசிரியர். எங்களிடம் 61 பேர். 61 பேருக்குக் கை இல்லையா, கண் இல்லையா என்று கேட்கத் தோன்றும். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அந்த வருடமும் போய்விடும். அதனால் புதன்கிழமை கடைசிப் பாடவேளையை நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தவளைக் கட்டுரைக்குப் பிறகு தறி பற்றிய பேச்சு வகுப்பில் அடிக்கடி வந்தது. ஒரு பெண் கேட்டாள்: "ஜக்கார்டு பெட்டி மேல அட்டை சுத்துதே டீச்சர், அதுல ஓட்டை யாரு போட்டது?" தறிக்கு மேலே உட்கார்ந்து, டிசைனுக்கு ஏற்றபடி நூலைத் தூக்குகிற பெட்டி அது. ஓட்டை போட்டது யார் என்று எனக்குத் தெரியவில்லை. "தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?" என்று கேட்டேன். இரண்டு தெரு தள்ளி, சேலைக்கு டிசைன் போடுகிற ஒரு தாத்தா இருக்கிறார் என்றார்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, ஒரு புதன்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

அவர் ஒரு பெரிய கட்டத்தாளைத் தரையில் விரித்தார். ஒரு கட்டம் ஒரு நூல். நிரப்பின கட்டத்தில் அட்டையில் ஓட்டை விழும், ஓட்டை இருக்கிற இடத்தில் பாவு நூல், அதாவது துணியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், மேலே தூக்கும், ஓட்டை இல்லாத இடத்தில் கீழேயே இருக்கும். ஒரு மாங்காய் புட்டாவை, அதாவது சேலையில் நெய்கிற சின்ன மாங்காய் உருவத்தை, வைத்து விளக்கினார். பிள்ளைகள் அதுவரைக்கும் வீட்டில் தினமும் தலைக்கு மேலே டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த பெட்டியைப் புதிதாகக் கண்டதுபோல வாயைப் பிளந்தார்கள்.

"ஆளுக்கு ஒரு புட்டா போடுங்க" என்றேன். கணக்கு நோட்டில் கட்டம் போட்ட தாள், இருபதுக்கு இருபது கட்டம். பெரும்பாலும் மயில், மாங்காய், அன்னம், தாமரை. சேலையில் பார்த்ததையே போட்டார்கள், அதிலும் தப்பில்லை. கேள்வி கேட்ட அந்தப் பெண் மட்டும் தெருக்குழாய் போட்டிருந்தாள். பொதுக்குழாய், அதன் வாயில் ஒரு சொட்டு.

தாத்தா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். நான் கொஞ்சம் பயந்தேன். ஐம்பது வருடம் மயிலும் மாங்காயும் போட்ட கை, 'இதெல்லாம் சேலைக்கு ஆகாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் அடுத்த முறை மயில்தான் போடுவாள்.

அவர் சொன்னது இதுதான்: "சொட்டுக்கு ஒத்தக் கட்டம் வெச்சிருக்கே பாப்பா. துணியில வந்தா கண்ணுக்கே தெரியாது. நாலு கட்டமாவது வை."

அவள் அழித்துவிட்டு நாலு வைத்தாள். அடுத்து குழாயின் தண்டைக் காட்டினார். வரிசைக்கு வரிசை பதினான்கு கட்டத்தைக் குறுக்கே இடைவெளி விடாமல் நிரப்பியிருந்தாள். "இவ்ளோ நீளம் ஜரிகைய புடிப்பு இல்லாம விட்டா, கட்டிக்கிற பொம்பள வளையல்ல மாட்டி அறுந்துடும். நடுவுல நடுவுல ஒரு கட்டம் உட்டுப் புடி."

இதைக் கேட்டதும் அவள் முகம் மாறியதைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அது ஒரு படம். இப்போது அதை யாரோ ஒருத்தி கட்டப் போகிறாள், அவள் கையில் வளையல் இருக்கிறது. மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டாள். தாள் நைந்துவிட்டது. எங்கே கட்டம் விட்டாலும் குழாய் உடைந்த மாதிரி தெரிந்தது. கடைசியில் அவளே ஒன்று கண்டுபிடித்தாள். விடுகிற கட்டங்களைச் சாய்வாக, ஒன்றுக்குக் கீழே ஒன்று தள்ளி வைத்தாள். குழாயில் மரை சுற்றினதுபோல வந்துவிட்டது. பிடிப்பும் ஆயிற்று, அழகும் ஆயிற்று. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. தாளை வாங்கித் தன் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, "இத நான் வெச்சிக்கறேன்" என்றார்.

கற்பனையைச் சும்மா விட்டால் போதும், அது தானாக வளரும் என்று சிலர் சொல்வார்கள். அன்றைக்கு நான் பார்த்தது வேறு. தனக்கென்று ஒரு யோசனை, அதற்கு நிஜமான ஒரு தடை, பக்கத்தில் அந்த வேலை தெரிந்த ஒருவர். இந்த மூன்றும் சேர்ந்தபோது ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் ஐம்பது நிமிடம் தலை நிமிராமல் வேலை செய்தாள். மணி அடித்தது கூட அவளுக்குக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அடி வாங்கினேன். ஒரு அப்பா வந்தார், வேட்டியை மடித்துக் கட்டியபடி வகுப்பு வாசலிலேயே நின்றார். "டீச்சரம்மா, எம் புள்ள தறியில உக்காரக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறேன். நீங்க இன்னான்னா தறியப் பத்தியே எழுது, தறியப் பத்தியே படம் போடுன்னு சொல்றீங்களாமே."

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆரணி, காஞ்சிபுரம் வட்டாரத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைத் தறிக்கு அனுப்பிய காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. கரையைத் தனி நாடாவில் நெய்து உடலோடு கோர்க்கிற கோர்வைச் சேலைக்கு அந்தப் பக்கம் கரை நாடாவைத் தள்ள ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பிள்ளையாகத்தான் இருந்தது. அவரே அப்படி எட்டு வயதில் உட்கார்ந்தவர் என்று அப்புறம் சொன்னார். ஏழாம் வகுப்பைக் கூட அவர் பார்க்கவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

அவரை உட்கார வைத்து, மகனின் நோட்டைக் கையில் கொடுத்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். தறியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் அவன் பேருந்தில் வேலூர் போனதை எழுதியிருந்தான். அதற்கும் அடுத்ததில், அப்பாவுக்கு முழங்கால் வலிக்கும்போது அம்மா உப்பு ஒத்தடம் கொடுப்பதை. அந்தப் பக்கத்தில் அவர் ரொம்ப நேரம் நின்றார். "இதெல்லாம் கவனிக்கிறானா?" என்றார். வேறொன்றும் பேசவில்லை. அவர் சமாதானம் ஆகிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். போகும்போது, "பரீட்சைக்கும் படிக்க வையுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

படிக்க வைக்கிறேன். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருடத்துக்கு, வருடம் 12,000 ரூபாய். எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய பணம். அதற்குச் சாயங்காலம் தனியாகப் பயிற்சி கொடுக்கிறோம், மாதிரித் தாள் போட்டுப் பார்க்கிறோம். அவர் வந்து போனதிலிருந்து தலைப்பையும் தறியோடு நிறுத்துவதில்லை. 'உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் நீ மட்டும் கவனித்த ஒன்று', 'நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் மாற்ற வேண்டிய ஒன்று', 'உனக்குப் பயமாக இருந்த ஒரு சத்தம்' என்று மாறி மாறிக் கொடுக்கிறேன். கடைசித் தலைப்புக்கு ஒருத்தி, 'அப்பா குடித்துவிட்டு வந்தால் செருப்பைக் கழற்றுகிற சத்தம்' என்று எழுதிக் கொடுத்தாள். அதைக் கம்பியில் மாட்டவில்லை. எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது என்பதை எழுதிய பிள்ளைதான் சொல்லும் என்று அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறோம்.

2022-23-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. எங்கள் குழாய்ப் பெண்ணும் அடுத்த வருடம் ஓவியத்தில் வட்டார அளவு வரைக்கும் போய் வந்தாள். மேடையில் பேர் கூப்பிட்டது அவளுக்குப் பெரிய சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் திருவிழா வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். பள்ளி 200 நாளுக்கு மேல் நடக்கிறது. சின்ன வகுப்புகளிலாவது எண்ணும் எழுத்தும் என்கிற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து பாட்டு, பொம்மலாட்டம் என்று வகுப்பறை கலகலப்பாக இருக்கிறது. ஆறாம் வகுப்புக்குள் நுழைந்ததும் அதெல்லாம் வாசலிலேயே செருப்பைப் போலக் கழற்றி விடப்படுகிறது. அந்த வாசலில் நிற்கிற ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், வாரத்தில் ஒரு பாடவேளை கொடுத்துப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். போர்ஷன் முடியாது என்கிற பயம் எனக்கும் இருந்தது. ஒவ்வொரு வருடமும் முடிந்தது.

போன மாதம் அந்தத் தவளைப் பையன் வந்தான். இப்போது ஒன்பதாம் வகுப்பு, ஆரணியில் படிக்கிறான். மீசை அரும்பியிருக்கிறது. "டீச்சர், அந்தத் தாள் இருக்கா?" என்றான்.

இருந்தது. பீரோவில் ஒரு பைலில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டேன். வீட்டில் தறிக்குழியை மண் கொட்டி மூடிவிட்டார்களாம். அப்பாவுக்கு முட்டி முடியவில்லை, அதனால் தரைக்கு மேலே நிற்கிற தறி போட்டிருக்கிறார்கள். தங்கச்சிக்குக் குழியே ஞாபகம் இல்லை, தவளை இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாளாம். அவளிடம் காட்ட வேண்டுமாம்.

நின்றபடியே படித்தான். உதடு அசைந்தது. பாதியில் நிறுத்தி, "ஊரும்னு போட்டிருக்கேன். சின்ன ர" என்றான்.

"ஆமாம்."

"நீங்க வட்டம் போடலையே."

"இல்ல."

என் மேஜையில் இருந்த பேனாவை எடுத்தான். கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். ர-வை அடிக்கவில்லை. அதன் தலைக்கு மேலே சின்னதாக ஒரு ற எழுதினான். இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஜெராக்ஸ் எடுத்துட்டு நாளைக்குக் குடுத்துடறேன் டீச்சர்" என்று சைக்கிளை எடுத்தான்.